எந்த ஊர் தோசை?

கிணற்றுப் பங்கு கேஸ் விழுப்புரம் கோர்ட்டில் ஜெயித்தாயிற்று. திரும்புகிற ரயிலில் ஏறி உட்கார்ந்ததுமே வேங்கடேசனுக்கும் அவர் மச்சினன் சீனுவாசனுக்கும் அடுத்த கேஸ் ஆரம்பம்.

எந்த ஊர் தோசை நல்ல தோசை?

“பாண்டிச்சேரிதான்யா. நெய்த் தோசை, விரலால தொட்டா ஒடியும்” என்றார் வேங்கடேசன்.

“ஒடிஞ்சா அது அப்பளம் மாமா! தோசைன்னா விழுப்புரம். ஸ்டேஷன் எதிர்ல காபி கிளப்பு இருக்குதே, அங்க வெறும் சாம்பாரை மட்டும் ரெண்டு கிண்ணம் குடிச்சவன் நானு.”

“ஏன், தோசை வாங்கக் காசு இல்லியா?”

எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சீனுவாசன் விடவில்லை.

“மெட்ராஸ் தோசையாவது சாப்பிட்டிருக்கீங்களா?”

“சாப்பிட்டேன், சாப்பிட்டேன். மாவு ஆட்டினவன் தூங்கிக்கினே ஆட்டியிருக்கான்!”

கதவோரம் கேஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார் அந்தோணிசாமி. வேங்கடேசன் நிலத்தில் வேலை செய்கிறவர். எதிர்க்கட்சி எவ்வளவோ மிரட்டியும், “அந்தக் கெணறு எங்க ஆண்டையோட அப்பாரு வெட்டுனதுங்க. மண்ணு சுமந்தவன் நானு” என்று கூண்டில் ஏறி அசையாமல் சாட்சி சொன்னவர்.

வேங்கடேசனுக்கு மனசு இளகிவிட்டது.

“கெணறு நமக்கு நின்னதே இவனாலதான். இன்னிக்கு இவன்தான் ஜட்ஜு. டேய் அந்தோணி, நீ எந்தக் கடைன்னு சொல்றியோ அங்கதான் இன்னிக்கு டிபன். உனக்கும் சேர்த்துத்தான்.”

“நெசமாவா ஆண்டே? எனக்கும் சேர்த்தா?”

“சேர்த்துத்தாண்டா.”

“இவன் எந்த ஹோட்டலக் கண்டான்?” என்றார் சீனுவாசன்.

“நீங்க சொன்ன கிளப்புலயே கொல்லப் பக்கமா வாங்கித் துன்னிருக்கேனுங்க. சுமாருதான்.”

சீனுவாசனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேங்கடேசன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“அப்ப எதுடா நல்லாருக்கும்?”

அந்தோணிசாமி யோசிக்கவே இல்லை. “நம்ம திண்டிவனத்துல, ரயில்வே கேட்டாண்ட, ராஜாமணி கடைங்க. அந்தத் தோசை மாதிரி எங்கயும் கெடையாதுங்க.”

“அந்தக் கூரைக் கடையா? நான் அப்பீலு போறேன்” என்றார் சீனுவாசன்.

“சொன்னா சொன்னதுதான்யா. நான் பேச்சு மாற மாட்டேன்” என்றார் வேங்கடேசன்.

திண்டிவனத்தில் இறங்கினார்கள். அந்தோணிசாமி துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் போய் உக்காருங்க. காலைல ஸ்டேஷனாண்ட கட்டிட்டுப் போன வண்டி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு ஜல்தியா வந்துடறேன்.”

தோசை வந்தது. முதல் வாயிலேயே வேங்கடேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாண்டிச்சேரியாவது ஒண்ணாவது! யோவ் ராஜாமணி, இன்னொண்ணு போடுய்யா.”

“எனக்கும் ஒண்ணு” என்றார் சீனுவாசன். “அப்பீலு வாபஸ் மாமா.”

“இத்தினி வருசமா இந்தப் பக்கம் போய்க்கினு வந்துக்கினு இருக்கோம், தெரியாமப் போச்சே! அந்தப் பயலுக்கு என்னா நாக்குய்யா!”

மூன்றாவது தோசையைப் பாதி தின்றிருந்தபோது அந்தோணிசாமி வந்து வாசலில் நின்றார்.

“வாண்ணே” என்றார் ராஜாமணி. “என்ன இன்னிக்குப் புதுசா வெளியவே நிக்கிறே? எப்பவும் உக்கார்ற எடம்தானே, உள்ள வந்து உக்காரு.”

சொல்லிக்கொண்டே வேங்கடேசனுக்கு எதிர் பெஞ்சைத் துடைத்தார். கழுவி அடுக்கியிருந்த தட்டுகளில் மேலே இருந்ததை எடுத்துத் தோசையைப் போட்டு வைத்தார்.

அந்தோணிசாமி உள்ளே வந்தார். உட்காரவில்லை. ஒரு கையைப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு ஆண்டை முகத்தைப் பார்த்தார்.

வேங்கடேசன் கை அப்படியே நின்றது. எதிரே இருந்த தட்டைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரித் தட்டு.

மெதுவாகத் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

“என்ன சீனு, மாவு கொஞ்சம் புளிச்சுப் போயிருக்குது இல்ல?”