வராத வாளுக்கு ஒரு கொட்டகை

பதினோரு வருடம் மர அறுவை மில்லில் மரம் அறுக்கும் வாள் ஓட்டிய தெபோராளைப் புதிய முதலாளி ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். வாள் பக்கம் பெண் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை அவள் சொந்தமாக மில் வைக்கக் கொட்டகை கட்ட, தன் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புப் பொடியால் நாற்பதடி நீளத்துக்குச் சுற்றிலும் கோடு போட்டாள்.

அடுத்த வீட்டு அண்ணன் தேவசகாயம் வந்து பார்த்தார். "மெஷின் எங்க?"

"இனிதான் வாங்கணும். வரும்போது நனையக் கூடாதுல்லா?"

"ஊரே சிரிக்கும்" என்றவர், தன் மினி லாரியைக் கோட்டுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். "இப்பக் கொட்டகையக் கெட்டு, பாப்போம்." சாவியோடு போய்விட்டார்.

வண்டியை எடுக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்து, வண்டியின் மூக்குக்கு நேராக முதல் குழியைத் தோண்டினாள். ஆறாம் நாள் லாரியைச் சுற்றி, ஓர் ஆள் மட்டும் நுழையும் இடைவெளியில் தூண்கள் நின்றன. தகரம் அடிக்கும் சத்தம் கேட்டுத் தேவசகாயம் ஓடிவந்தார்.

"எட்டி, வண்டிய எப்படி வெளிய எடுக்க?"

ஏணி மேலிருந்த தெபோராள் வாயிலிருந்த ஆணியைக் கையில் எடுத்தாள்.

"வாசல் இன்னும் வைக்கலண்ணே. சாவியக் குடுங்க. முதல் மரம் ஏத்திட்டு வர வண்டி வேணும், அதுக்குத் தக்கன வாசல் விடுதேன்."