ஹெரால்டுக்கு அடியில் பேரம்

ஜாக்கி இறங்குகிறது என்று சோணைமுத்துவுக்கு உறைத்தபோது, காரின் அடிச்சட்டம் அவருடைய சட்டைப் பொத்தானைத் தொட்டுவிட்டிருந்தது.

மல்லாந்து கிடந்தவருக்குத் தலையைத் திருப்பக்கூட இடமில்லை. மூக்குக்கு நேர் மேலே என்ஜின் எண்ணெய்ச் சட்டி. அதில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

முன்சக்கரம் இரண்டையும் கழற்றி வெளியே சாத்தியிருந்தார். இனி இந்தப் பழைய ஹெரால்டு கார் இறங்கினால் தரையில் இறங்காது. அவர் மேல்தான் இறங்கும்.

தப்பு யாருடையது என்று யோசிக்க நேரம் கிடைத்ததுதான் பெரிய கொடுமை.

மடவார் வளாகத்துப் பட்டறைக்காரன் ஜாக்கியோடு இரண்டு இரும்புத் தாங்கியும் சேர்த்துத்தான் விலை சொன்னான். முட்டுக் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள் என்றும் சொன்னான். சோணைமுத்து கழிவுப் பஞ்சு வியாபாரி. மூட்டையில் ஈரம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே இராஜபாளையத்து மில்களை மடக்கியவர். தாங்கியைக் கழித்துக்கொள், ஜாக்கிக்கும் கொஞ்சம் குறை என்று பேசி, ஜாக்கியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஜெயித்த முகத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“ஏட்டி பொன்மணி!”

பாதி மூச்சில் அவ்வளவுதான் வந்தது. தெருவே ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் இழுக்கப் போயிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் செருப்புச் சத்தம் ஓடி வந்து நின்றது. அவள் தம்பி மாரிச்சாமிக்குப் போனில் நாலு வார்த்தை. பிறகு காரின் முன்பக்கம் இரும்போடு இரும்பு உரசியது.

சட்டம் நின்றது.

“மாரிச்சாமி மில்லு ஆளுகளக் கூட்டிட்டு வாரான். அசையாதீக.”

அசையாமல் இருக்க இது என்ன போட்டோ ஸ்டுடியோவா? காலிரண்டும் அவரைக் கேட்காமலே வெடவெடத்தன. குதிகாலை ஊன்றி வெளியே உந்தப் பார்த்தார். கார் முனகியது. பொத்தான் நெஞ்சுக்குள் அழுந்தியது.

“கம்பியை ஜாக்கில மாட்டி ரெண்டு அடி அடிட்டி! ஜாக்கி ஏறிரும்!”

அவள் அடிக்கவில்லை.

“இந்த வண்டிய என்ன வெலைக்குத் தருவீக?” என்றாள்.

பயத்தில் யாருக்குப் புத்தி கலங்கியது என்று அவருக்குப் புரியவில்லை.

“விளையாடுத நேரமாட்டி இது?”

“வெலையச் சொல்லுங்க.”

அப்போது புரிந்தது. மாதக்கணக்கில் அந்த வீட்டில் ஒரே வழக்குதான். இந்தக் காரை விட்டுவிடுங்கள் என்பாள் அவள். இவ்வளவு போட்டபிறகு எப்படி விடுவது என்பார் இவர். கேட்ட கண்ணாடி எந்த ஊரிலும் கிடைக்கவில்லை, கியர் பெட்டியைப் பிரித்தவன் பூட்டத் தெரியாமல் போய்விட்டான். நேற்று அவருக்கே கை சலித்துவிட்டது. கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றுதான் இன்று அடியில் நுழைந்தார்.

கழுத்தில் கால் வைத்துப் பேரம் பேசுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவரே பேசியும் இருக்கிறார். கட்டினவள் பேசி இப்போதுதான் கேட்கிறார்.

கார் மேலிருந்த பயத்தில் பாதி அவள் மேல் தாவியது. இது இன்னும் சில்லென்று இருந்தது.

“சொல்ல மாட்டீகளா? அப்ப நானே கேக்கேன். எடைக்கு எடுத்துக்கிடுதேன்.”

“எடைக்கா? அடிச்ச பெயிண்டுக்குக் காணுமாட்டி அது?”

“பெயிண்டா அது? வதக்குன கத்திரிக்கா கலரு. ஒரு கதவு தொறந்தா மூடாது, ஒரு கதவு மூடுனா தொறக்காது. வத்திராயிருப்பு இரும்புக்காரனுக்குச் சும்மா கொடுத்தாலே... யோசிப்பான்.”

சரக்கை மட்டம் தட்டுகிறாள். சோணைமுத்துவின் உடம்பு அவரைக் கேட்காமல் வியாபாரத்தில் உட்கார்ந்துவிட்டது. பேரத்தில் கைகால் ஆடக்கூடாது. ஆடினால் எதிராளி கண்டுகொள்வான். வெடவெடத்த கால்கள் அடங்கின. மூச்சுகூட அளவாக வந்தது.

“சீட்டு புதுசு. தேங்காய்நார் வச்சுத் தைச்சது.”

“எலி... பாதி தின்னுட்டு.”

அவள் பேச்சு நடுநடுவே நின்று நின்று வந்தது. நல்ல வியாபாரி அப்படித்தான் இடைவெளி விடுவான். அந்த இடைவெளிக்குப் பயந்தே எதிராளி இறங்குவான். இவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

இறங்கினார். பெயிண்டை விட்டார். சீட்டை விட்டார். சட்டம் ஒரு நூல் இறங்கிச் சதையைத் தொட்டதும் எல்லாவற்றையும் விட்டார்.

“கொடுத்துட்டேன்டி. எடைக்கே எடுத்துக்கோ. சும்மாவே எடுத்துக்கோ. என்னை வெளிய எடு.”

கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. கொடுத்தேன் என்று சொன்னபிறகு அவர் எந்தச் சந்தையிலும் திரும்பிப் பேசியதில்லை.

வெளியே இரும்பு ஒருதரம் கிறீச்சிட்டது.

“அம்புட்டுத்தானா?” அவள் குரல் உடைந்திருந்தது. “அதுக்குள்ள முடிச்சா எப்படி? இன்னும் கொஞ்சம்... ஏத்திக் கேளுங்க.”

வாங்க வந்தவள் சொல்கிற வார்த்தையா இது?

அவர் வாய் திறப்பதற்குள் பைக்குகள் வந்து நின்றன. ஆட்கள் பம்பரைப் பிடித்துத் தூக்கினார்கள். மாரிச்சாமி அவருடைய காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். தூக்கியவர்கள் காரை மெல்ல மறுபடி ஜாக்கி மேலேயே உட்கார வைத்தார்கள்.

எழுந்து உட்கார்ந்ததும் அவளைத் திட்டத்தான் திரும்பினார்.

பொன்மணி காரின் முன்னால் குந்தியிருந்தாள். ஜாக்கியின் கம்பி அவள் இரண்டு கைக்குள் இருந்தது. ஏற்றுவதற்கும் அந்தக் கம்பிதான், எண்ணெய் கசிந்து ஜாக்கி இறங்காமல் திருகை இறுக்குவதற்கும் அதே கம்பிதான். அதைத் திருகில் மாட்டி, உடம்பு முழுவதையும் கொடுத்து முறுக்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு வழியாக ரத்தம் இறங்கி முழங்கையில் சொட்டியது.

“அக்கா, விடு. மச்சானை எடுத்தாச்சு.”

அவளுக்குக் கேட்கவில்லை. காருக்கு அடியையே பார்த்து, அவரை இன்னும் அசையவிடாமல் பேச்சில் பிடித்துவைப்பதுபோல, “ஏத்திக் கேளுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாரிச்சாமி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

கடைசி விரல் விட்டதும், ஹெரால்டு நீளமாக ஒரு மூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது.