கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வேலை

"மாப்பிள்ளை, கதவைத் திறங்க! உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்கு எல்லாம் தெரியும்!"

அண்ணன்காரர் தட்டிய தட்டில் கதவு நிலையோடு ஆடியது. டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர் கையென்றால் சும்மாவா!

காலையில் தங்கை போனில் அழுதிருந்தாள். கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். தங்கையும் குழந்தையும் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது, கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று வழியிலேயே முடிவும் செய்தாகிவிட்டது. நியாயம் கேட்பது மட்டும்தான் பாக்கி.

"நீ கண்ணால பார்த்தியாம்மா?" என்று தங்கையிடம் மறுபடியும் கேட்டார்.

"பார்த்தேண்ணே. துணி காயப்போடப் போனேன், ஜன்னல் திரை விலகியிருந்துச்சு. காதுல மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர்ல… சீ, எப்படிச் சொல்றது! ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. காலையில தாழ்ப்பாள் போட்டார்னா சாயந்திரம்தான் வெளியே வர்றார். கேட்டா ஆபீஸ் வேலைங்கிறார்."

"நாள் பூராவுமா? ஒரு மனுஷனால எப்படிம்மா முடியும்?"

தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்த மாப்பிள்ளை யாரையும் பார்க்காமல் நேரே வாஷ்பேசினுக்குப் போய், சோப்புப் போட்டு முகம் கழுவினார்.

"பார்த்தியா, பாவத்தைக் கழுவுறார்!" என்றார் அண்ணன்காரர்.

"வாங்க மச்சான். எப்ப வந்தீங்க?"

"நான் வந்தது இருக்கட்டும். வீட்டுல பொம்பளப் பிள்ளையை வச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல, கதவைச் சாத்திக்கிட்டு… வெட்கமா இல்ல உங்களுக்கு?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். கட்டில்மேல் பாதி அடுக்கிய பெட்டி இருந்தது.

"ஜன்னல் வழியாப் பார்த்துட்டியா?" என்றார் மெதுவாக.

அவள் தலையாட்டினாள்.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுதான் என் வேலை. வீடியோ போடுற கம்பெனி ஒண்ணுக்கு. ஜனங்க கண்டதையும் ஏத்திடறாங்க. குழந்தைங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி யாராவது பார்த்துத் தூக்கணுமில்ல? அந்த 'யாராவது' நான்தான். அரை நிமிஷம் பார்ப்பேன், அசிங்கம்னு தெரிஞ்சதும் சிவப்புப் பட்டனை அமுக்குவேன். அடுத்தது வரும்."

"அதையெல்லாம் மெஷினே பார்த்துக்காதா?" அண்ணன்காரர் லேசில் விடுகிறவர் இல்லை.

"மெஷினுக்கு என்ன தெரியும் மச்சான்? போன வாரம் மல்யுத்தப் போட்டி மொத்தத்தையும் தூக்கிடுச்சு."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?" என்றாள் தங்கை.

"சொன்னா நீயும் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பே. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் பார்த்தாப் போதாதா? இந்த மூஞ்சியைக் கழுவாம ஒருநாள்கூட நான் பாப்பாவைத் தூக்கினதில்ல."

தினமும் வீட்டிலேயே இருக்கிற மனிதரிடம் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குப் போன் போட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பெட்டியில் இருந்த துணிகளை எடுத்து மறுபடியும் அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள்.

அண்ணன்காரருக்குத்தான் சப்பென்று போய்விட்டது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனத்தில் பாதிகூடப் பேசவில்லை. ஆனாலும் பெரிய மனிதர் அல்லவா, சட்டென்று கட்சி மாறினார்.

"நான் அப்பவே சொன்னேன், மாப்பிள்ளை சொக்கத் தங்கம்னு! நானும் சும்மா இல்ல மாப்பிள்ளை. கடையில ஆள் இல்லாத நேரத்துல அந்த மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா விடவே மாட்டேன். உடனே கம்பெனிக்குப் புகார்தான். இதுவரைக்கும் எத்தனை கொடுத்திருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. எல்லாம் நம்ம குழந்தைங்க கெட்டுடக் கூடாதேன்னுதான்."

"என்ன பேர்ல கொடுப்பீங்க மச்சான்?"

"'பண்பாட்டுக் காவலன்'!"

மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார்.

"அது நீங்களா! எங்க ஆபீஸ்ல உங்களைத் தெரியாத ஆளே கிடையாது!"

அண்ணன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேட்டுக்கம்மா" என்று தங்கையைக் கூப்பிட்டார். "என்ன மாப்பிள்ளை பேசிக்கிறாங்க என்னைப் பத்தி?"

"மத்தவங்க எல்லாம் 'ஆபாசம், நீக்கவும்'னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. உங்க புகார் அப்படியா! 'முதல் பாதியில் ஒன்றுமே இல்லை, கடைசிப் பத்து நிமிடம் படுமோசம்'னு விவரமா இருக்கும். நேத்துகூட ஒண்ணு வந்துச்சே, 'முந்தைய மூன்று பாகங்களையும்விட இது கேவலம்'னு!"

அண்ணன்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரம் கட்டும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இவராவது சம்பளம் வாங்கிட்டு அரை நிமிஷம் பார்க்கிறார். நீ எதுக்குண்ணே சும்மாவே கடைசி வரைக்கும் பார்த்தே?"