பால் நிறம்

பக்கத்து வீட்டு யூலியட் கல்மதிலுக்கு மேலால் குனிந்து, கஜீபனின் வாயில் எதையோ திணிப்பதை றஞ்சனி கண்ணாலேயே கண்டுவிட்டாள். பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மகனின் வாயைத் தோண்டினாள். விரலோடு வந்தது ஒரு துண்டு சூடைமீன்.

"அடியே, எத்தினை நாளா இந்தக் களவு? ரெண்டு கிழமையா அவன் சூப்பிப் போத்தலைத் தட்டிவிடேக்கையே நினைச்சனான்!"

"முள்ளெடுத்துத்தான் குடுத்தனான், அக்கா. பிள்ளை மண்ணை அள்ளி அள்ளித் தின்னுறான். பாத்துக்கொண்டு இருக்கேலாமல் கிடக்கு."

"மண் தின்னாத பிள்ளை ஆர்? உனக்கு எரிச்சலடி!"

எரிச்சல் என்றுதான் றஞ்சனி மனதார நம்பினாள். ஏழு வருஷம் கோயில் கோயிலாக நேர்ந்து பெற்ற பிள்ளை. வீட்டில் இரண்டு மாடு கறக்கும்போது அவனுக்கு எதற்குச் சோறும் மீனும்? இந்த ஒன்றரை வயது வரை பாலிலேயே வளர்த்து வந்தாள். பிறந்தபோது தகப்பனைப்போல் மாநிறமாய் இருந்தவன் மாதத்துக்கு மாதம் வெளுத்துக்கொண்டு வந்தான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அவள் தினமும் நாவூறு கழித்தாள்.

அன்று நெடுந்தீவுக் கிளினிக்கில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாள். விடுவாளா? யூலியட்டையும் அவளுடைய மகளையும் இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற தாய்மார் தாங்களாகவே வழிவிட்டார்கள். சண்டை பார்க்க யாருக்குக் கசக்கும்?

"மிஸ், இவள் களவாய் என்ர பிள்ளைக்கு மீன் தீத்துறாள். பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ!"

மருத்துவமாது ஜெயந்தா நிமிர்ந்து பார்த்தாள். "நீர் என்ன குடுக்கிறனீர்?"

"பால் மட்டும்தான், மிஸ். நாளுக்கு ஆறு போத்தல், ஒரு சொட்டுத் தண்ணி கலக்கிறேல்லை. நிறத்தைப் பாருங்கோ, பால் நிறம்! இவளின்ர பிள்ளை கரிச்சட்டி. அதுதான் பொறாமை."

"என்ர பிள்ளையைச் சொன்னால் வாயைக் கிழிப்பன்!" என்று பாய்ந்தாள் யூலியட்.

ஜெயந்தா இருவரையும் கவனிக்கவில்லை. கஜீபனின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். நகத்தை அமத்திப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து அவசரமாக எழுதத் தொடங்கினாள்.

றஞ்சனிக்கு நெஞ்சு குளிர்ந்தது. "இவளைப் பற்றித்தானே எழுதுறியள், மிஸ்?"

"இல்லை, பெரியாஸ்பத்திரிக்கு. பின்னேரம் கரைக்குப் போற போட்டிலேயே பிள்ளையைக் கொண்டு போம். இது பால் நிறமில்லை, றஞ்சனி. ரத்தமில்லாத நிறம்."