பின்சீட்டுப் பாரம்

"நீ ஏறி உக்காந்தா காக்கா உக்காந்த மாதிரிதான் இருக்கும். இதுக்கு நல்ல கனத்த ஆளு வேணும்" என்றார் கிருபைராஜ், காருக்கு அடியில் இருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி.

இன்பமணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாரமாகக் காரின் பின்பக்கம் சரியில்லை. பாளையங்கோட்டையில் வேகத்தடைக்கா பஞ்சம்? ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது பின்னால் டொக்கு டொக்கென்று இடித்தது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டது என்று அவள் கணவர் முடிவு கட்டிவிட்டார். தன் காரில் வேறு மெக்கானிக் கைவைக்க விடுகிற ஆள் அவர் இல்லை. புதுசு வாங்கி வந்து, சனிக்கிழமை காலையிலேயே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் ஷெட்டில் இறங்கிவிட்டார்.

பழசைக் கழற்றிப் புதுசை மாட்டியாயிற்று. சக்கரத்தைப் போட்டு ஜாக்கியையும் இறக்கியாயிற்று. கீழ் போல்ட்டை மட்டும் ஆள் பாரம் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். முன்பு ஒரு தடவை முன்பக்கம் மாற்றியபோது பாரத்துக்கு உட்கார்ந்தவர் பக்கத்து வீட்டு எலியேசர். இன்பமணியின் அக்கா டெபோராவின் கணவர். நூறு கிலோவுக்குக் குறையமாட்டார்.

"எலியேசர் அத்தானைக் கூப்பிடட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஸ்பானர் சத்தம் நின்றது.

விஷயம் இதுதான். எலியேசரின் மகள் ஃபெபிக்கு வருகிற திங்கட்கிழமை கல்யாணம். இன்பமணி தூக்கி வளர்த்த பிள்ளை. கல்யாணப் பத்திரிகை என்றால் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, ஜெபம் பண்ணிக் கையில் கொடுப்பதுதான் அவர்கள் வழக்கம். எலியேசரோ போன மாதம் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஊருக்கெல்லாம் கொடுத்த கையோடு சகலப்பாடிக்கும் ஒன்றை நீட்டிவிட்டார். ஒரே சுவர் வைத்த வீட்டுக்கு என்ன சம்பிரதாயம் என்பது அவர் நினைப்பு. கிருபைராஜ் அதை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். பத்துப் பேர் பார்க்க நடந்ததால் எலியேசருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனி உம்ம வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு தேடி வராதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன், நீ வேண்டுமானால் போ என்று கிருபைராஜ் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். புருஷன் இல்லாமல் சித்திக்காரி தனியாகப் போய் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? இன்பமணி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அதற்கெல்லாம் அசைகிற மனுஷனா அவர்?

"கல்யாணத்துக்கா கூப்பிடுதேன்? பாரத்துக்குத்தான கூப்பிடுதேன்" என்றாள்.

கீழே இருந்து சரி என்று பதில் வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை. அவளுக்கு அது போதும்.

பக்கத்து வீட்டில் எலியேசர் முதலில் முறுக்கத்தான் செய்தார். வெறும் பனியனோடு போகவேண்டாம் என்று டெபோரா ஒரு தேய்த்த சட்டையை எடுத்துக் கொடுத்துத் தள்ளிவிட்டாள்.

"வாசப்படியை மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். காருல ஏற மாட்டேன்னு சொல்லலை" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, கேட்டிலிருந்து நேராக வந்து பின்சீட்டில் ஏறினார். கார் நன்றாக அமுங்கியது.

"இன்பம், வலது பக்கம் நகரச் சொல்லு" என்றது அடியில் இருந்து ஒரு குரல்.

"நகந்தாச்சுன்னு சொல்லு" என்றது மேலே இருந்து ஒரு குரல்.

இன்பமணி நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்த எலியேசர், சட்டைப் பையில் ஏதோ குத்துகிறதே என்று கையை விட்டார். ஃபெபியின் கல்யாணப் பத்திரிகை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"வே கிருபை. இந்தக் காரு நிக்கது உம்ம வீட்டு எல்லைக்குள்ளதான?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"நான் உக்காந்துதான இருக்கேன்?"

"உக்காந்துதான் இருக்கீரு."

"அப்போ கண்ணை மூடும். ஜெபம் பண்ணுதேன்."

பண்ணினார். பொண்ணு மாப்பிள்ளைக்காக, இந்த வீட்டாருக்காக, இந்த வண்டிக்காக, கீழே படுத்திருக்கிற சகோதரனின் கோபத்துக்காக, மேலே உட்கார்ந்திருக்கிறவனின் வீம்புக்காக என்று நீண்டுகொண்டே போனது. ஜெபத்துக்கு நடுவில் ஸ்பானரைத் தட்ட யாருக்குத்தான் மனசு வரும்? முடிவில் காருக்கு அடியில் இருந்து ஓர் "ஆமென்" வந்தது. கூடவே கிரீஸ் அப்பிய கை ஒன்றும் வந்தது. எலியேசர் கதவைத் திறந்து, மூச்சு வாங்கக் குனிந்து, அந்தக் கையில் பத்திரிகையை வைத்தார்.

போல்ட்டுகளை இறுக்கிய கையோடு இருவரும் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். தெருமுனை வேகத்தடையில் கார் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. நான் அப்பவே சொன்னேனே என்பது போல ஜன்னல் வழியே கிருபைராஜின் கை ஆடியது.

கார் திரும்பி மறைந்ததும், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே டெபோராவின் தலை தெரிந்தது.

"ராசி ஆயிட்டாவளா?"

"ஆயிட்டாவக்கா."

"அப்போ என் அம்மிக்குழவியைத் தா. கல்யாண வீட்டுல எவ்வளவு அரைக்கக் கிடக்கு."

இரண்டு வாரமாகக் கார் டிக்கியில், ஸ்டெப்னி டயருக்குள் கிடந்து டொக்கு டொக்கென்று உருண்டதும், நேற்றுச் சாயங்காலம்தான் அடுக்களைக்கு வந்து சேர்ந்ததுமான அந்தக் குழவியை, இன்பமணி தூக்கமாட்டாமல் தூக்கி வந்து சுவருக்கு மேலே கொடுத்தாள்.