காரணம்: குளியலறைச் சுவர்

கணவரின் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பிளேடை இழுத்தாள். கன்னத்தில் சதை இல்லை. பிளேடு எலும்பில் தட்டி நின்றது.

மணி பத்தேகால்.

பதினோரு மணிக்கு வருவதாக எழுதியிருந்தார்கள். நேற்றுக் காலையே கேட் இடுக்கில் செருகியிருந்த தாள். அடியில் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் கையெழுத்து. வீட்டைப் பார்வையிட வேண்டும். காரணம்: குளியலறைச் சுவரில் ஓதம்.

அவள் கணவர் அதை இரண்டு முறை படித்தார். முப்பது வருடம் பத்திரம் எழுதிய கண்.

"இருவத்துநாலு மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்துல குடுத்துட்டாங்க. வரவேண்டாம்னு சொல்ல முடியாது," என்றார். "ஆனா சுவத்தைத்தான் பாக்கலாம். என்னையப் பாக்க முடியாது."

திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

குடிவந்த அன்று நாச்சிமுத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். வீட்டில் சாவு விழக் கூடாது. விழுந்தால் அப்புறம் யாரும் குடிவர மாட்டார்கள்.

வாடகைப் பத்திரத்தில் அது இல்லை.

போன வாரம் டாக்டர் ஸ்கேனை உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா என்றார்.

வீடு என்று அவர்களுக்கு இருந்தது இதுதான்.

ஆஸ்பத்திரியில் சாக மாட்டேன் என்று அவர் சொன்னார். ஒரே ஒரு முறை. அவர் கையில் அடித்து அவள் சத்தியம் செய்தாள்.

காமாலையின் மஞ்சள் தெரியாமல் இருக்க முகத்துக்குப் பவுடர். முழுக்கைச் சட்டை. வீங்கிய பாதங்களுக்கு சாக்ஸ். இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். வயிறு தெரியாமல் மடியில் தலையணை. அதன் மேல் பேப்பர்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

சொன்னார்.

"இன்னொருக்கா."

மூன்றாவது முறை சரியாக வந்தது.

காலை மாத்திரையை அவள் கொடுக்கவில்லை. கொடுத்தால் தூங்கிவிடுவார்.

அவரும் கேட்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"பேப்பரை விட்டுக் கண்ண எடுக்காதீங்க. பத்தே நிமிஷம்."

பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நாச்சிமுத்து தனியாக வரவில்லை. மனைவி தனபாக்கியமும் கூட வந்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள்.

"அடேங்கப்பா! மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்காரே!"

சொல்லிச் சிரித்துக்கொண்டே நாச்சிமுத்து நேராகக் குளியலறைக்குப் போனார். சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது.

அந்தச் சுவரைக் காலையில் அவள் தடவிப் பார்த்திருந்தாள். உலர்ந்திருந்தது.

தனபாக்கியம் முக்காலியை இழுத்துப் போட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கீங்க தம்பி?"

"நல்லா இருக்கேன்."

"இந்த வெயில்ல சாக்ஸ் எதுக்குங்க?"

கேட்டுவிட்டு அவளே கழற்றினாள். மெதுவாக, வலிக்காமல். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள்.

குழி அப்படியே நின்றது.

அது மேலே வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. கடைசியாக எழுந்து, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"நீங்க… சுவத்தைப் பாக்கத்தானுங்களே வந்தீங்க," என்றார் அவர். குரலைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது.

"ஆமாங்க தம்பி. சுவத்தைத்தான்."

குனிந்து சாக்ஸை மறுபடி மாட்டிவிட்டாள்.

குளியலறையில் தட்டுவது நின்றது. நாச்சிமுத்து கையைத் துடைத்தபடி வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். தனபாக்கியம் தலையை ஆட்டினாள்.

"இடிச்சுத்தான் பூசோணுங்கம்மா. நாளைக்கே ஆளு வருது. வேல முடியற வரைக்கும் நீங்க வேற எங்கியாச்சும் இருந்துக்கோணும். ஒரு பதினஞ்சு நாளு."

"பதினஞ்சு எதுக்குங்க?" என்றாள் தனபாக்கியம். "நாலு நாள் போதும்."

சொல்லும்போது அவர் காலைத்தான் பார்த்தாள்.

தனபாக்கியம் அவள் தோளில் கை வைத்தாள். சூடான கை. அம்மாவின் கையைப் போல இருந்தது.

"பெரியாஸ்பத்திரில சொல்லி பெட்டு நான் வாங்கித் தர்றேன். ஆம்புலன்ஸும் வாசலுக்கே வந்துரும். நீ ஒண்ணும் பயப்படாத கண்ணு. எல்லாம் முடிஞ்சதும் இங்கியே வந்து இருந்துக்க. எத்தன வருசம் வேணும்னாலும் இரு. காலி பண்ணச் சொல்ல மாட்டம். தனியா இருக்கறவளப் போயி வெளிய அனுப்புவமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"சரிங்கக்கா."

உடம்பு லேசானது. இத்தனை மாதங்களில் முதல் முறையாக. அந்த நிம்மதியை முகத்திலிருந்து துடைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

நாற்காலியிலிருந்து அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.