நான்காம் தொட்டி

மரக் கொட்டாப்புளியின் முதல் அடி செஃபெரினோவின் முழங்காலில் விழுந்தது.

ஏணியிலிருந்து சரிந்து கல்தரையில் மல்லாந்தான். அடித்தவர் மேஸ்திரி அனிபால். அறுபது வயதுக் கிழவர், ஒரு கால் விந்தல் வேறு.

நான்காம் தொட்டிக்குள் லியோனெல் விழுந்து கிடந்தான்.

காலையில் ஒயினை வடித்துவிட்ட தொட்டி அது. அடியில் தங்கிய திராட்சைச் சக்கையை இறங்கித்தான் வார வேண்டும். இறங்குமுன் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவது அந்த ஹோட்டல் நிலவறையின் சட்டம். அணைந்தால் உள்ளே விஷக்காற்று. லியோனெல் காலையில் சுடரைப் பார்த்துத்தான் இறங்கினான். மத்தியானம் சாப்பிட்டு வந்தவன், காலையில் பார்த்ததே போதும் என்று மறுபடி இறங்கிவிட்டான்.

இப்போது மேஸ்திரி விட்ட சுடர் பாதிவழியிலேயே அணைந்தது. யாரும் இறங்கக் கூடாது என்றார். முன்பு ஒருவனைத் தூக்கப் போய் மூன்று சவப்பெட்டி செய்த இடம் இது.

மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே எட்டில் தூக்கிவிடலாம் என்று செஃபெரினோவுக்குத் தோன்றியது. எழுந்து மறுபடி ஏணியைப் பிடித்தான்.

கிழவர் அவன் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவன் அவர் கையைக் கடித்தான். பல் சதைக்குள் இறங்கியது. அவர் கத்தவில்லை, பிடியை விடவும் இல்லை.

இரண்டாவது அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

வாசல் படிக்கட்டு வரை அவனைத் தரதரவென்று இழுத்துப்போய், நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். தொட்டியின் அடிப்பலகையைக் கோடாலியால் உடைக்கச் சொல்லி, நிலவறையில் வேலை செய்யும் ஒலிந்தாவைப் பார்த்துக் கத்தினார். அவள் தயங்கினாள். நூற்றுப்பத்து வருஷத் தொட்டி. அதில் ஊறும் ஒயின் எந்தக் கடையிலும் கிடைக்காது. மாடியில் சாப்பிட வரும் விருந்தாளிகளுக்கு மட்டும்தான். இரண்டாவது முறை கத்தியதும் கோடாலியை ஓங்கினாள்.

செஃபெரினோ கீழே கிடந்தபடி வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினான். வேலைக்கு வந்து பத்து நாளில் அவனுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதன் லியோனெல். கிழவர் முதுகைத் திருப்பினால் அவர் விந்தி நடப்பதை அப்படியே நடித்துக் காட்டுவான். கிழவரிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவனும் அவனேதான். அவனைக் கண்டால் ஆகாதென்றுதான் சாக விடுகிறார் என்று செஃபெரினோ நம்பினான். அதைச் சொல்லிக் காறித் துப்பவும் செய்தான்.

கிழவர் முகத்தைத் துடைக்கவில்லை. கோடாலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகை பிளந்தது. சக்கை கொட்டியது. ஓட்டையருகே மெழுகுவர்த்தி அணையாமல் நின்றதும் இரண்டு பேர் உள்ளே புகுந்து லியோனெலை இழுத்து வந்தார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது. ஒலிந்தா அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு ஏப்ரனால் தன் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேஸ்திரி செஃபெரினோவின் மேலிருந்து எழுந்தார். நிலவறைக்குள் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான். அப்பா, மாமா என்று எவனும் உறவு கொண்டாடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். லியோனெல் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் மூக்கில் ஒட்டியிருந்த சக்கையை விரலால் வழித்தார்.

செஃபெரினோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து எழுந்தான்.

“அவனத் தொடாத. அவங்க வீட்ல நான் போய்ச் சொல்லிக்கிறேன். நீ அந்த வாசப்படியில காலக்கூட வெக்கக் கூடாது.”

ஒலிந்தா அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“அது என் வீட்டு வாசப்படிதான், தம்பி” என்றார் மேஸ்திரி.

செஃபெரினோவின் வாயில் அவர் கைரத்தம் இன்னும் உப்புக் கரித்தது.